நண்டுச் சட்டியில் யார் கை

ஆகஸ்ட் பிறந்தாலே மிஸ் வெர்லினுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நோவு இடுப்பில் இல்லை, காலண்டரில்தான் என்று அவளே சொல்வாள். இருபத்தேழாம் தேதி கார்ன் தீவு முழுக்க நண்டு சூப். அடிமைகளுக்கு விடுதலை என்று சேதி வந்த அன்று எங்கள் முன்னோர்களிடம் கொண்டாட வேறொன்றும் இருக்கவில்லை. காட்டில் ஓடிய நண்டைப் பிடித்துக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். அதிலிருந்து அந்த நாளில் யார் கிண்ணத்தை நீட்டினாலும் ஊற்றியாக வேண்டும், காசு வாங்கக் கூடாது. தீவில் எங்கள் பகுதியான சாலி பீச்சிக்குரிய சட்டி வெர்லின் வீட்டு முற்றத்தில். அவள் அம்மா அடைனா வைத்தாள், அம்மா போன பிறகு இவள் வைக்கிறாள்.

வெர்லினுக்கு அறுபது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் இங்கே வயசில் மூத்த பெண் எல்லாருமே 'மிஸ்'தான். அப்பா சிங்கி இறாலுக்கு முங்கி முங்கிக் கால் விழுந்து போனவர். புருஷன் கப்பல் வேலைக்குப் போய், நாலு காசு பார்த்ததும் கேமன் தீவில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். "நண்டு கொழுத்தா வளையில தங்காது" என்று அடைனா அன்றைக்கே சொன்னாள். மகள் டெனீஷா சுற்றுலாக் கப்பலில் துணி மடிக்கிறாள். வெர்லின் ஓட்டலில் வாரம் ஆறு நாள் காலைச் சாப்பாடு சமைக்கிறாள். ஏழாம் நாள் தேவாலயத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். போதகர் கண்டுகொள்வதில்லை.

சூப் வைப்பது லேசான வேலை இல்லை. நண்டு காட்டில் விஷ மரத்து இலையைத் தின்றிருக்கும், அதனால் சில நாள் பீப்பாயில் போட்டுத் தேங்காய்ச் சில்லு கொடுத்து வயிற்றைச் சுத்தமாக்க வேண்டும். அவசரப்பட்டுச் சமைத்தால் விடுதலையைக் கொண்டாட ஆள் மிஞ்சாது. பிறகு ஒவ்வொரு நண்டாகப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். தேங்காய் துருவ வேண்டும், மரவள்ளியும் ஈரப்பலாவும் நறுக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே அடைனா போட்ட சட்டம் ஒன்று உண்டு. சட்டியில் நம் கிரியோல் சனத்தின் கை மட்டும்தான் பட வேண்டும்.

பக்கத்து வீட்டு யோலாந்தா நம் சனம் இல்லை. ஸ்பானியம் பேசும் அக்கரையிலிருந்து இறால் கம்பெனி வேலைக்கு வந்தவள். இங்கேயே பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளைகளுக்கு நம் கிரியோலை விட்டால் வேறு பேச்சில் சண்டை போடக்கூடத் தெரியாது. ஆனாலும் ஊர் வாயில் அவள் இன்னும் ஸ்பானியக்காரிதான். ஒவ்வொரு வருஷமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நண்டு தேய்க்க வரட்டுமா மிஸ் வெர்லின்?" என்று கேட்பாள்.

"வேணாம்மா. மத்தியானம் கிண்ணத்தோட வா, போதும்."

அதில் வெறுப்பு இல்லை என்றுதான் வெர்லின் நினைத்துக்கொண்டிருந்தாள். கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் அக்கரைப் பேச்சாகிவிட்ட தீவில் நமக்கென்று மிஞ்சியது ஒரு சட்டி. அதையும் கொடுத்துவிட்டு என்ன செய்வது?

இந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின வாரம் கமிட்டித் தலைவர் ஆல்ஸ்டன் வந்தார். வாய் சர்க்கரை, கை கொக்கரை. கையில் ஒரு மஞ்சள் பனியன்.

"மிஸ் வெர்லின், இந்தத் தடவை தலைநகரம் மனாகுவாலேருந்து பெரிய மனுஷங்க வர்றாங்க. சட்டியைக் கொஞ்சம் பெருசாக்கிடுங்க."

"சட்டி பெருசாகும். கைக்கு எங்க போறது?"

"நீங்க இருக்கறப்போ என்ன கவலை? நீங்கதானே நம்ம பெருமை."

பனியனிலும் அதேதான் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது, கிரியோல் என்பதில் பெருமை என்று. வெர்லின் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு முடியல ஆல்ஸ்டன். நிஜமாவே முடியல."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"சொன்னேன். போன வருஷமும் ஒருத்தரும் வரல."

அவர் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டார்.

பண்டிகை அன்று காலை எதிர்வீட்டு எட்விட்டா மஞ்சள் பனியனோடு வாசல் வரை வந்தாள். "தப்பா நினைக்காதீங்க மிஸ் வெர்லின். தலை பின்னியாச்சு, மேடையில ஆடணும். நண்டைத் தொட்டா நாத்தம் போகாது."

"ஆடும்மா. ஆடிட்டு வந்து குடி."

வெர்லின் பீப்பாய்க்குள் கையை விட்டாள். தவழ்கிற வயசிலிருந்து நண்டைப் பின்முதுகில் பிடித்துப் பழகிய கை, அன்று முன்பக்கமாகப் போனது. நண்டு கட்டை விரலைக் கவ்விக்கொண்டது. கொடுக்கை முறித்து எடுப்பதற்குள் ரத்தம் முழங்கை வரை வழிந்துவிட்டது. இந்தத் தீவில் பிறந்தவள் நண்டிடம் கடிபட்டால் வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். விரலுக்காக இல்லை. பீப்பாய்க்குள் இன்னும் தேய்க்க வேண்டிய மீதி நண்டுகள் சுரண்டுகிற சத்தம் கேட்டது, அதற்காக அழுதாள்.

யோலாந்தா இந்தத் தடவை கேட்கவில்லை. வேலியைத் தாண்டி வந்து துணியைக் கிழித்து விரலைச் சுற்றினாள். பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். வெர்லின் தடுத்திருக்கலாம். அம்மாவின் முகம்கூட நினைவில் வந்து போனது. பீப்பாயை யோலாந்தா பக்கம் நகர்த்தி வைத்தாள். இதைப் பெருந்தன்மை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அசதி, அவ்வளவுதான்.

"தேங்காய்ப் பாலை ரெண்டாப் பிரிக்கணும்" என்றாள் வெர்லின்.

"தெரியும். முதல் பாலைக் கடைசியிலதான் ஊத்தணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வேலியில ஓட்டை இருக்கில்ல மிஸ் வெர்லின்."

மத்தியானம் விருந்தாளிகளோடு வந்த ஆல்ஸ்டன் அடுப்படியைப் பார்த்து நின்றுவிட்டார். வெர்லின் காதருகில் குனிந்தார். "ஸ்பானியக்காரி கையில கரண்டியா? இன்னிக்குப் போயா?"

"தேய்க்க வந்த நம்ம ஆளுங்க எத்தனை பேருன்னு முதல்ல கேளு. அப்புறம் அவளைக் கேளு."

அவர் நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நம் ரத்தம், நம் பேச்சு, நம் சூப் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில், "வருஷா வருஷம் போல இதுவும் நம்ம மிஸ் வெர்லின் கையால வச்சது" என்று முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். யோலாந்தா தலை நிமிராமல் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

வெர்லின் பேசாமல் இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அந்தக் கைதட்டலுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் இடுப்பொடியக் குனிந்தாள். அதை விட்டுக்கொடுப்பது நண்டு தேய்ப்பதை விடக் கஷ்டமாக இருந்தது.

"ஆல்ஸ்டன்" என்றாள் உட்கார்ந்தபடியே. "இந்த வருஷம் நான் வைக்கல. யோலாந்தா வச்சா."

வரிசையில் முதலாவதாக நின்ற எட்விட்டா, நீட்டிய கிண்ணத்தை மெதுவாக இடுப்புக்கு இழுத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் கையை மடக்கிக்கொண்டார்கள். அந்த நாளில் எங்கள் ஊரில் சூப்பை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. யோலாந்தாவின் கரண்டி பாதியில் நின்றது.

வெர்லின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எட்விட்டாவைத் தாண்டிப் போய்ச் சட்டிக்கு முன்னால் நின்றாள். இத்தனை வருஷமாக அந்தப் பக்கத்திலேயே நின்றவள் அன்றுதான் இந்தப் பக்கம் நின்று கிண்ணத்தை நீட்டினாள். யோலாந்தா அவசரமாக ஊற்றியதில் பாதி அடுப்பில் சிந்தியது. வெர்லின் பின்னாலேயே ஆல்ஸ்டனின் விருந்தாளி ஒருவர் வந்தார், பசி பாவம். பிறகு எட்விட்டா வந்தாள். பிறகு எல்லாரும் வந்தார்கள்.

வெர்லின் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். வருஷா வருஷம் சட்டியின் அடியில் மிஞ்சும் ஆறிப்போன வண்டல்தான் அவள் பங்கு. சூடாகக் குடிப்பது இதுதான் முதல் தடவை.

"எப்படி இருக்கு?" என்றாள் யோலாந்தா.

"உப்பு ஒரு கல்லு கம்மி."

"சரி. அடுத்த வருஷம் கூடப் போடறேன்."

அடுத்த வருஷம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அம்மாவின் சட்டி கண்ணெதிரிலேயே கை மாறிவிட்டது, அதற்குச் சண்டை போட வேண்டும் என்றுதான் வெர்லினுக்கு இருந்தது. ஆனால் சூப் சூடாக இருந்தது. உட்கார இடம் இருந்தது.

"இன்னொரு கரண்டி ஊத்து" என்று கிண்ணத்தை நீட்டினாள்.