நெட்டையக்கா ஊட்டிய கிண்ணம்

நெட்டையக்கா எந்த அறைக்குள்ளும் கதவைத் தட்டாமல் நுழைந்ததில்லை. கதவு விரியத் திறந்து கிடந்தாலும், உள்ளே இருப்பவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது என்று தெரிந்திருந்தாலும், விரலை மடக்கித் தட்டி, "உள்ள வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பாள். முதியோர் இல்லத்தின் மற்ற உதவியாளர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரிடம் என்ன அனுமதி வேண்டிக் கிடக்கிறது என்பார்கள். சேர்ந்த புதிதில் நடந்த பயிற்சி வகுப்பில் கேட்டதில் அவளுக்கு ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டது. நமக்கு இது வேலை செய்யும் இடம், அவர்களுக்கு இது வீடு. அடுத்தவர் வீட்டுக்குள் தட்டாமல் போவோமா?

உயரத்தால் வந்த பெயர் அது. கட்டில்களெல்லாம் தாழ்வானவை, குனிந்து குனிந்தே அவள் இடுப்பு ஒருவழியாகியிருந்தது. காலையில் குளிப்பாட்டுவது, விரிப்பு மாற்றுவது, புரளமுடியாதவர்களுக்குப் புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, நகம் வெட்டுவது, கழிப்பறைக்குத் தாங்கி நடத்திப் போவது, கைநடுக்கம் உள்ளவர்களுக்கு ஊட்டிவிடுவது எல்லாம் அவள் வேலை. மருந்து மட்டும் சிஸ்டருடையது.

அந்த மாடிக்குப் பொறுப்பான சிஸ்டர் நெட்டையக்காவைவிட வயதில் சின்னவள். இருவரும் ஒரே தெருவில், எதிரெதிர் வீடுகளில் குடியிருந்தார்கள். இந்த வேலைக்கு நெட்டையக்காவைச் சொல்லிவிட்டதே அவள்தான். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, புருஷன் பிரிந்துபோய்விட்டான். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் குழந்தை நேரே நெட்டையக்கா வீட்டுக்கு வந்துவிடும். நெட்டையக்காவின் மகளோடு சேர்ந்து சாப்பிடும், பாடம் எழுதும், சண்டை போடும். மதியத்தில் சிஸ்டரும் நெட்டையக்காவும் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். "அக்கா இல்லேன்னா நான் எப்பவோ நொடிஞ்சு போயிருப்பேன்" என்று சிஸ்டர் எல்லோரிடமும் சொல்லுவாள்.

மாடியின் கடைசி அறையில், எல்லோரும் ரெஃப்ரி என்று கூப்பிடும் பெரியவர் இருந்தார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். விடுமுறை நாட்களில் கால்பந்தாட்டங்களுக்கு விசில் ஊதப் போனவர். கால் தளர்ந்து, கை நடுங்கத் தொடங்கியதும் மகள் கொண்டுவந்து சேர்த்தாள். கையும் காலும்தான் தளர்ந்திருந்தன. புத்தி கத்தி மாதிரி இருந்தது. சோறு ஆறிப்போய் வந்தால் "ஃபவுல்" என்பார். கேட்காமல் விளக்கை அணைத்தால் "ஃபவுல்". மாலை ஏழு மணிக்கெல்லாம் எல்லோரையும் படுக்கவைத்துவிடுவது அந்த இல்லத்தின் வழக்கம். அவர் மட்டும் படுக்கமாட்டார். கூடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பேன் என்பார். மறுத்தால் குரலை உயர்த்துவார். அந்தக் குரலில் பக்கத்து அறைக்காரர்களும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். தூக்க மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று விசாரித்துத்தான் விழுங்குவார் அவர். இதை வேண்டாம் என்று திருப்பித் தந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு; சிஸ்டருக்கும் அது தெரியும்.

மற்ற யார் ஊட்டினாலும் வாயைத் திறக்காத மனிதர், நெட்டையக்காவிடம் மட்டும் சிறுபிள்ளை மாதிரி சாப்பிடுவார். அவள் அவசரப்படுத்தமாட்டாள். அவர் சொல்லும் பழைய ஆட்டக் கதைகளைக் கேட்டுக்கொண்டே, விழுங்கி முடித்தாரா என்று பார்த்து அடுத்த வாய் கொடுப்பாள். மாலையில் மசித்த வாழைப்பழம் ஒரு கிண்ணம். அதை ரசித்துச் சாப்பிடுவார்.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் மாறிப்போனார். பழம் சாப்பிட்ட சற்று நேரத்தில் தலை தொங்கிவிடும். ஆட்டம் பார்க்க வேண்டும் என்ற பேச்சே இல்லை. காலையில் எழுப்பினால் நாக்கு குழறும். நெட்டையக்கா சிஸ்டரிடம் சொன்னாள். வயசாகிறது அக்கா, நீங்க வேற, என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஒரு விடியற்காலையில் அவர் கழிப்பறைக்கு எழுந்து, கால் பின்னி விழுந்து, புருவத்தைக் கிழித்துக்கொண்டார். தையல் போடும்போது நெட்டையக்காதான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "கால்ல எலும்பே இல்லாத மாதிரி இருக்கு நெட்டையம்மா" என்றார். அவள் எண்ணெய் தடவி விட்டாள். இன்னும் நன்றாகச் சாப்பிட்டால் தெம்பு வரும் என்று சொல்லி, அன்று மாலை கிண்ணத்தை வழித்து வழித்து ஊட்டினாள்.

அடுத்த வாரம் ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிண்ணம் எடுக்கப் போனாள். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் சிஸ்டர் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே ஒரு மாத்திரையை வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். பொடியைப் பழத்தில் கொட்டிக் கலக்கினாள். நிமிர்ந்து பார்த்தவள் திடுக்கிடக்கூட இல்லை.

"நீங்க குடுத்தாத்தானே அக்கா அவர் சாப்பிடுறாரு" என்றாள்.

மாடியில் எத்தனை பேர், நாம் எத்தனை பேர், ஒருத்தர் கத்தினால் அத்தனை பேரும் முழித்துக்கொள்கிறார்கள், மேனேஜர் என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று சிஸ்டர் அடுக்கிக்கொண்டே போனாள். அவர் மகளிடம் நிம்மதியாகத் தூங்க ஏதோ கொடுக்கிறோம் என்று போனில் சொல்லியாகிவிட்டதாம். அவரிடம் மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

நெட்டையக்கா கிண்ணத்தைத் தொடவில்லை. வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டினாள். ரெஃப்ரி பழம் எங்கே என்று கேட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்கு ஒரு சேதமும் வந்திருக்காது. ஆனால் அவர் வாய்க்குள் போனது அவருக்குத் தெரியாமல் போகக்கூடாது என்று நினைத்தாள். சொல்லிவிட்டாள்.

அவர் அவள் கைகளைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"தெரியல சார். இன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன்."

"வெளிய போம்மா" என்றார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

நுழைவாசல் சுவரில், புகார் சொல்ல வேண்டிய துறையின் எண் ஒட்டியிருந்தது. மறுநாள் காலை அவர் வீல்சேரைத் தள்ளச் சொல்லி, அங்கே போய்த் தன் போனில் தானே பேசினார். மகளையும் வரச் சொன்னார். சில நாட்களில் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். மேனேஜர் அறையில் எல்லோரையும் உட்காரவைத்து விசாரித்தார்.

சிஸ்டர் அழுதாள். அழுதுகொண்டே, ஊட்டியது அக்காதான், ஆரம்பத்திலிருந்தே அவளுக்கு எல்லாம் தெரியும், இருவரும் பேசித்தான் செய்தோம் என்றாள். விழுந்த அன்று காலையிலும் அவரைக் கவனிக்காமல் விட்டது அவள்தான் என்றும் சேர்த்துக்கொண்டாள். சொல்லும்போது ஒருமுறைகூட நெட்டையக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே நெட்டையக்காவுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

அதிகாரி ரெஃப்ரியிடம் திரும்பி, இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். நெட்டையக்கா அவரைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நான் பார்க்காததுக்கு விசில் ஊத மாட்டேன்" என்றார் அவர். "ஸ்பூன் அவங்க கையில இருந்துச்சு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

ரெஃப்ரியின் மகள் மட்டும் எழுந்து வந்து நெட்டையக்காவின் தோளைத் தொட்டாள். தூங்க ஏதோ கொடுக்கிறோம் என்றுதான் சொன்னார்கள், அப்பாவுக்குத் தெரியாமல் என்று சொல்லவே இல்லை என்று தேம்பினாள். அவள் தொட்டதும்தான் நெட்டையக்காவுக்குக் கண் நிறைந்தது.

அன்றும் பள்ளிக்கூடம் விட்டு சிஸ்டரின் குழந்தை வழக்கம்போல நெட்டையக்கா வீட்டுக்கு ஓடிவந்தது. குழந்தை என்ன செய்யும்? சாப்பாடு போட்டாள், தலை பின்னிவிட்டாள். இருட்டும் நேரத்தில் சிஸ்டர் வந்து வாசலிலேயே நின்றாள்.

"என்னைத் தூக்கியிருப்பாங்கக்கா. இவளை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? உங்களுக்கு வீட்டுக்காரர் சம்பாத்தியம் இருக்கு."

நெட்டையக்கா உள்ளிருந்தபடியே, "என் கையை எடுத்துக்கிட்டியேடி" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் சொல்லல."

அவ்வளவுதான் பேச்சு. சிஸ்டர் குழந்தையின் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து குழந்தை வரவில்லை.

தெரியாமல் மருந்து கலந்தது குற்றம் என்று துறை இல்லத்தை எச்சரித்தது. ரெஃப்ரியின் அனுமதி இல்லாமல் இனி ஒரு மாத்திரையும் அவருக்குத் தரக்கூடாது என்றும், அவர் விரும்பும்வரை கூடத்தில் உட்காரலாம் என்றும் முடிவானது. அதே முதலாளியின் இன்னொரு இல்லத்துக்கு சிஸ்டரை மாற்றினார்கள்; அங்கே அவள் இரண்டு மாடிக்குப் பொறுப்பு. உள்விஷயத்தை வெளியே சொல்லி ஒருவரைக் கலவரப்படுத்தியதாக நெட்டையக்காவுக்கும் ஓர் எச்சரிக்கை வந்தது. கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேனேஜர் அதைச் சொன்னபோது அவள், சரிங்க, என்று மட்டும் சொன்னாள்.

மாடிக்குத் துணி கொடுக்கப் போகும்போது ரெஃப்ரியைப் பார்ப்பாள். தோல் உரிக்காத பழத்தை நடுங்கும் விரல்களால் தானே உரித்து, பாதி மடியில் சிந்தச் சாப்பிடுவார். அவளைக் கண்டால் தலையசைப்பார். வணக்கத்துக்கு வணக்கம் சொல்வார். உதவட்டுமா என்று ஒருமுறை கேட்டாள். வேண்டாம் நெட்டையம்மா, நன்றி, என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதை அவளை அன்று முழுவதும் அறுத்தது. அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று புருஷனிடம் சொன்னாள்.

கோடை தொடங்கியபோது சிஸ்டர் வீட்டைக் காலி செய்தாள். எதிர்வீட்டு வாசலில் வண்டி நின்றது. பீரோவை ஏற்றும் சத்தம் கேட்டது. குழந்தை யாரையோ கூப்பிடும் குரலும் கேட்டது. போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயேன் என்றார் புருஷன். நெட்டையக்கா அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து ஜன்னல்வரை போனாள். குழந்தை வண்டியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தது. சிஸ்டர் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பாமலே வண்டியில் ஏறினாள்.

"நீங்க போய் சொல்லிட்டு வாங்க" என்றாள் நெட்டையக்கா. அவர் போவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.