கல்வராயன் மலையில் ஐம்பது நிமிட அமைதி

கல்வராயன் மலைக்குப் போய்வந்த வழி, செலவு, நேரம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி வாசகர்கள் இரண்டு பேர் கேட்டு ஒரு மாதம் ஆகிறது. எழுதாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. எழுத உட்கார்ந்தால் வழியை முந்திக்கொண்டு வேறொன்று வந்து நிற்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீடு எலவனாசூர்கோட்டையில். போன மாதம் பெங்களூரிலிருந்து மகள் கவிதாவும் மாப்பிள்ளை பிரபுவும் நான்கு நாள் வந்திருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மாப்பிள்ளை எங்கள் வீட்டில் சேர்ந்தாற்போல நான்கு நாள் தங்கியது அதுதான் முதல் தடவை. வீட்டிலேயே உட்கார வைத்தால் என்ன நினைப்பாரோ என்று வெள்ளிக்கிழமை மலைக்குக் கிளம்பினோம். "பத்தரைக்கு ஒரு சின்ன மீட்டிங் மட்டும் இருக்கு அத்தை, எங்கேயாவது ஓரமா உட்கார்ந்து முடிச்சிடுவேன்" என்றார். மடக்கு மேசை, மடக்கு நாற்காலி இரண்டையும் நானே எடுத்து டிக்கியில் வைத்தேன்.

காலை ஏழு மணிக்குக் கார் வந்தது. ஒரு நாள் வாடகை டீசலோடு 3,200 ரூபாய். டிரைவர் செல்வம் கள்ளக்குறிச்சிக்காரர், வாய் ஓயாதவர். கள்ளக்குறிச்சி இருபத்தைந்து கிலோமீட்டர், ஏழே முக்காலுக்குத் தாண்டினோம். வடக்கனந்தல் வழியாகக் கச்சிராயபாளையம் சேர எட்டேகால். டிபன் சாப்பிட நல்ல இடம் அதுதான். மேலே போனால் கடை கம்மி.

டிபன் கடையிலேயே மாப்பிள்ளைக்கு ஒரு போன் வந்துவிட்டது. கையில் பூரி மசாலா இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். யாரோ ஒருவர் வேலை முடிக்காததைப் பற்றி இன்னொருவர் கடை முழுக்கக் கேட்கும்படி கோபித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் கரும்பு வெட்டப் போகிற ஆட்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர், "யார்ரா அவன், இன்னும் வேலைய முடிக்காதவன்? நம்ம மேஸ்திரிகிட்ட அனுப்பச் சொல்லு, ஒரே நாள்ல முடிச்சிருவான்" என்றார். கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளையைக் கிண்டல் செய்கிறார்களே என்று அந்த ஆளை ஒரு முறை முறைத்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சை முறைக்கிற அதே முறைப்பு. அவர் தலையைக் குனிந்து இட்லியைப் பிட்டுக்கொண்டார். நான்கு பேருக்கு 340 ரூபாய்.

கோமுகி அணையில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருபவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். கரியாலூர் சேரும்போது மணி பத்து ஐந்து.

அதற்குள் மாப்பிள்ளையின் முகம் மாறியிருந்தது. போனில் டவர் கோடு ஒன்றுகூட இல்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். செல்வம்தான் சொன்னார்: "வெள்ளிமலை ரோட்ல ஒரு பாறை இருக்குது சார். டவர் பாறைன்னு சொல்லுவாங்க. சுத்துல ரெண்டு மூணு ஊருக்கு அங்கதான் டவர். ஆனா ஊர்க்காரங்க பேசிக்கினு இருப்பாங்க, பாத்துக்குங்க."

ரோட்டை ஒட்டி இடுப்புயரத்துக்கு ஒரு பாறை. மேலே இரண்டு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான் இடம். எதிரே பத்தடி தள்ளி ஒரு பலாமரம். நாங்கள் போனபோது ஆள் யாரும் இல்லை. பாறையின் ஓரத்தில் உள்ளங்கை அளவில் மூன்று கற்கள் ஒன்றன் பின் ஒன்றாக இருந்தன. பாறை சரிவாக இருந்ததால் மேசை ஆடியது. நான் அந்த மூன்று கற்களையும் பொறுக்கி மேசையின் ஒரு காலுக்குக் கீழே அடுக்கினேன். ஆட்டம் நின்றது. மாப்பிள்ளை, "சூப்பர் அத்தை" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பத்தரைக்கு லேப்டாப் திறந்தது. செல்வம் காரை வெள்ளிமலை வரை கொண்டுபோய் டீ குடித்துவிட்டு வருவதாகப் போனார். நான் பாறைக்குக் கீழே நின்றுகொண்டேன். ஒரு பைக் வந்தது, கையைக் காட்டி மெதுவாகப் போகச் சொன்னேன். ஆடு ஓட்டிவந்த ஒருவர் ஹேய் ஹேய் என்று கத்தினார், வாயில் விரல் வைத்தேன். கவிதாவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அவர் ஆபீசுக்கு நீ எதுக்கு வாட்ச்மேன் வேலை பார்க்கிற?" என்று கேட்டுவிட்டு கேமராவோடு ரோட்டில் நடந்து போய்விட்டாள்.

பத்தே முக்கால் இருக்கும். மூன்று பேர் வந்தார்கள். வயதான ஒருவர், ஓர் இளைஞர், ஐம்பது வயதுப் பெண் ஒருவர். பாறையையும் மேசையையும் பார்த்தார்கள். பெரியவர், "கம்பெனியே இங்க வந்துட்டுது போல" என்றார். நான் விரலை உதட்டில் வைத்தேன். அந்தப் பெண் மட்டும் கையில் பட்டன் போனோடு ஓரடி முன்னால் வந்து, "யம்மா, எனக்கு ஒரு போன் வரும்..." என்று ஆரம்பித்தார். விரலை எடுக்காமலே மறு கையால் பலாமரத்தைக் காட்டினேன். அங்கே நின்று பேசிக்கொள்ளுங்கள் என்று பொருள்.

அவர் இன்னொரு வார்த்தை பேசவில்லை. போனார். மூன்று பேரும் மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நல்ல மனிதர்கள், சொன்னதும் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு விரல் உதட்டுக்குப் போனதும் வரும் அமைதி தெரியுமா? முப்பத்து நான்கு வருடம் அதைத்தான் நல்ல வகுப்பு என்று நினைத்திருந்தேன். யாருக்காவது அவசரமாக வெளியே போக வேண்டியிருந்ததா என்பது அந்த அமைதியில் தெரியாது.

அந்தப் பெண் போனை வலது கையிலிருந்து இடது கைக்கும், இடது கையிலிருந்து வலது கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். இரண்டு தடவையும் நான் இன்னும் கொஞ்ச நேரம் என்று கை காட்டினேன்.

பதினொன்று இருபதுக்கு மாப்பிள்ளை லேப்டாப்பை மூடினார். அந்தப் பெண் ஓடிவந்து பாறையில் ஏறினார். ஏறிய உடனே போன் விட்டு விட்டு நான்கு தடவை ஒலித்தது, தவறிய அழைப்புகளுக்கான குறுஞ்செய்திகள். அவர் திருப்பிக் கூப்பிட்டார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் கூப்பிட்டார். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அருகில் போய் என்னவென்று கேட்டேன்.

"எம் பொண்ணும்மா. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரில சேத்திருக்குது. பதினோரு மணிக்கு ஆபரேசன். மொதப் புள்ள தங்கல, அதுல ரொம்ப பயந்துக்கினு இருந்துது. உள்ள கூட்டிக்கினு போறதுக்கு முன்ன ஒரு வார்த்த உங்கிட்ட பேசிட்டுப் போறேன்மான்னு சொல்லிச்சி."

"நீங்க கூடப் போகலையா?"

"வூட்டுக்காரரு மரத்துலேந்து வுழுந்து காலுக்குக் கட்டு போட்டுக்கினு கெடக்கறாரு. மதியம் கொழுந்தன் வந்தாத்தான் கெளம்ப முடியும். அதான் ஒம்போது மணிக்கே வந்து கல்லு போட்டுட்டுப் போனேன்."

எனக்குப் புரியவில்லை. அதற்குள் காரோடு வந்து இறங்கிய செல்வம் மேசையின் காலைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா இது, வரிசைக் கல்ல எடுத்து முட்டுக் குடுத்திருக்கீங்க?"

இதுதான் அந்தப் பாறையின் வழக்கம். பேச வேண்டியவர் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார். முறை வந்ததும் வந்து பேசுவார். ஒருவருக்குப் பத்து நிமிடம். காத்திருப்பவர்கள் மரத்தடியில் முதுகு காட்டி நிற்பார்கள், பேசுகிறவரின் வீட்டு விஷயம் காதில் விழக்கூடாது என்பதற்காக. எனக்குக் கொடுத்த மரியாதை என்று நான் நினைத்தது இதைத்தான். பலாமரத்தடியில் டவரே கிடையாது. அந்தப் பெண்ணின் கல் முதல் கல். அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது.

"சொல்லியிருக்கலாமே" என்றேன். சொல்ல வந்தவரின் வாயை அடைத்தது நான் என்பதைச் சொன்ன பிறகுதான் உணர்ந்தேன்.

"வெரல வெச்சீங்க பாருங்க, அப்பவே டீச்சருன்னு தெரிஞ்சிபோச்சி" என்றார் அவர். "எதுத்துப் பேச வாய் வரல."

மாப்பிள்ளை லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். "அத்தை, நான் மியூட்லதான இருந்தேன்? பேசினதே நாலு நிமிஷம். அவங்க பக்கத்துல நின்னு பேசியிருந்தாக்கூட ஒண்ணும் ஆகியிருக்காதே" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். ஐம்பது நிமிடம் அங்கே உட்கார்ந்தும் கீழே நின்ற மூன்று பேரை அவர் பார்க்கவே இல்லை என்பதும், நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதும் ஒன்றாகப் புரிந்தன.

அந்தப் பெண்ணின் பெயர் அலமேலு. ஆஸ்பத்திரிக்கு எங்கள் காரிலேயே கூட்டிப்போவதாகச் சொன்னேன். பக்கத்து வீட்டில் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு பையோடு வந்தார். கவிதாவும் வந்து சேர, பதினொன்று ஐம்பதுக்குக் கிளம்பினோம். பார்க்க நினைத்திருந்த நீர்வீழ்ச்சியை விட்டுவிட்டோம். வழியில் டவர் வந்த இடத்திலெல்லாம் அலமேலு கூப்பிட்டார், ஸ்விட்ச் ஆஃப்தான். கச்சிராயபாளையம் தாண்டியதும் மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. எடுத்து, "கார்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். இவ்வளவு சுலபம்.

ஒன்றே காலுக்கு ஆஸ்பத்திரி. பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். வராண்டாவில் நின்ற அலமேலுவின் மருமகனுடைய போன் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. ஒன்றே முக்காலுக்கு மகளை வெளியே கொண்டுவந்தார்கள். வாய் வறண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் முதல் வார்த்தையாகக் கேட்டாள்: "நாலு தபா அடிச்சேன். ஏம்மா எடுக்கல? உனுக்கு இன்னா ஆச்சோன்னு நெனச்சிக்கினே உள்ள போனேன்."

அலமேலு அவள் தலையைத் தடவினார். என் பக்கம் திரும்பவில்லை.

"டவர் கெடைக்கலடி கண்ணு."

பிறகு என்னைக் காட்டினார். "இவங்க டீச்சரம்மா. இவங்க கார்லதான் கூட்டியாந்தாங்க." மகள் படுத்தபடியே கையைக் கூப்பப் பார்த்தாள், ஊசி குத்தியிருந்த கை எழவில்லை. "பரவாயில்லம்மா, படுத்துக்கோ" என்றேன். நான் சொல்ல வேண்டியிருந்தது அது இல்லை. அதைச் சொல்ல அங்கேயும் எனக்கு வாய் வரவில்லை. என்னிடம் படித்த எத்தனை பிள்ளைகள் இப்படித் தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

பொது இடத்தில் ஆபீஸ் போன் பேசுவதைப் பற்றி எல்லோரும் ஸ்பீக்கரையும் சத்தத்தையும்தான் குறை சொல்கிறார்கள். டிபன் கடையில் ஸ்பீக்கர் அலறியது, ஆறு பேர் சிரித்தார்கள், யாருக்கும் எதுவும் குறையவில்லை. பாறையில் சத்தமே இல்லை. அமைதி என்பது இனாமாகக் கிடைப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் யாரோ பேசாமல் இருந்து கொடுப்பது. அதைக் கேட்பதற்கு முன் அவருக்கு என்ன வேலை இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாம். மாப்பிள்ளைக்குச் சொல்வதாக நினைத்து இதை எழுதவில்லை. எனக்குத்தான்.

போகிறவர்களுக்கு: காலை ஏழுக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குள் திரும்பலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு பஸ் உண்டு, நேரத்தை பஸ் ஸ்டாண்டில் விசாரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. மீட்டிங் இருந்தால் லீவு போட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் கச்சிராயபாளையத்திலேயே முடித்துவிட்டு ஏறுங்கள். மேலே அவசரம் என்றால் டவர் பாறையில் ஒரு கல்லை வைத்துவிட்டு, பலாமரத்தடியில் முதுகைக் காட்டி நின்று, முறை வந்ததும் பத்து நிமிடம் பேசுங்கள். அங்கே இருக்கும் கல் எதையும் நகர்த்தாதீர்கள்.

டவர் எப்படி என்று சிலர் கேட்பீர்கள். பாறையின் மேல் நன்றாகக் கிடைக்கிறது. அன்றைக்கும் ஐம்பது நிமிடமும், ஒரு தடவைகூட அறுபடாமல், முழுசாகக் கிடைத்தது.