பாத்துவின் கட்டைவிரல்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் பாத்துதான். யார் ஏணியில் ஏறினாலும், யார் கொதிக்கிற பாத்திரத்தை இறக்கினாலும் "பாத்து, பாத்து" என்று அலறுகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மின்விசிறியின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். ஒருமுறை தடுப்பூசி போட வந்த நர்ஸைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, நெற்றியில் நாலு தையல் வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்ட ஆள் மண் தோண்டும் எந்திரங்களில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பாகங்களைப் பழுது பார்த்து இருபத்தாறு வருடம் முழுசாக இருந்தார் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். என்னைக் கேட்டால், பயந்ததால்தான் முழுசாக இருந்தார்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை பார்த்தவன் ஒருவன் எண்ணெய்க் குழாயைத் தடவிப் பார்த்தான். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. "சுருக்னுச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. அழுத்தத்தில் பீய்ச்சிய எண்ணெய் தோலுக்குள் போய் உள்ளே சதையை அழுகவைத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பாத்து கசிவைத் தேடுவது அட்டைத் துண்டால்தான். அட்டையைக் குழாய் ஓரமாக நகர்த்தினால் எண்ணெய் பட்ட இடம் நனைந்து காட்டிக்கொடுக்கும். பட்டறையில் எவனாவது கையை வைத்தால் ஸ்பேனரைத் தூக்கி எறிவார், சாது மனிதர்.

அவருடைய தங்கையின் கணவர் சின்ன விமான நிலையம் ஒன்றில் மெக்கானிக். அங்கே இருந்தது நோயாளிகளை ஏற்றிப் போகும் ஒரே ஒரு சிறிய விமானம். அதன் சக்கரங்களைத் தரையிலேயே மேலே மடக்கி இறக்கிச் சோதிக்கும் எந்திரம் மோட்டார் எரிந்து படுத்துவிட்டது. புதியது வர எட்டு மாதம் ஆகுமாம். "மச்சான், நீங்க ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று மாப்பிள்ளை வந்து நின்றார்.

"விமானமா? ஐயோ, என்னை விட்டுருங்க" என்றார் பாத்து. சொல்லிவிட்டு அன்று மாலையே தாளும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார். வீட்டுக் கூடத்தில்தான் வேலை நடந்தது. பழைய தோண்டும் எந்திரத்தின் பம்ப், மாவு மில்லின் மோட்டார், எண்ணெய்க்கு எவர்சில்வர் டிரம், அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் திருப்பி விடும் வால்வு, தள்ளிப்போக நாலு சக்கரம் வைத்த வண்டி. "மனுஷங்க உக்கார ஒரு நாற்காலி போட இடமில்ல, இதுக்குச் சக்கரம் வேறயா?" என்று மனைவி தினமும் பாட்டுப் பாடினாள். கைப்பிடியில் நூல் கட்டி, கசிவு தேட ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். 'கையை வைக்காதே' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

சோதனை நாள் காலையில் விமானக் கொட்டகைக்குள் மூன்று ஜாக்கிகள் மேல், சக்கரங்கள் தரையைத் தொடாமல் விமானம் நின்றது. எந்திரத்தைச் சரிபார்க்க வந்த பரிசோதகர் நோட்டுப் புத்தகத்தோடு ஒதுங்கி நின்றார். கொட்டகைத் தரை லேசாகச் சரிந்திருந்தது. மோட்டாரைப் போட்டதும் வண்டி அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. அது உருண்டு போய் ஜாக்கியில் மோதினால்? பாத்து ஓடிப் பிடித்தார். கையில் கிடைத்ததை எடுத்து மடித்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். கிடைத்தது அந்த அட்டை. ஒரு பெரிய பயம் வந்தால் பழைய பயத்தை எப்படி விழுங்கிவிடுகிறது, பாருங்கள்.

லீவரைத் தள்ளினார். சக்கரம் மாட்டிய மூன்று கால்களும் பெருமூச்சு விட்டபடி மடங்கி மேலே போயின. அழுத்தம் காட்டும் கேஜ் முள் ஆயிரத்து ஐந்நூறில் நின்றது. இந்த வகை விமானத்தில் மடங்கிய காலைப் பிடித்து வைக்கக் கொக்கி எதுவும் கிடையாது. எண்ணெயின் அழுத்தம்தான் பிடித்துவைக்கிறது. மாப்பிள்ளை டார்ச்சோடு இறக்கையின் அடியில் போய், மடங்கிய காலுக்குக் கீழே தலையை நீட்டி இடைவெளியை அளக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் பாத்து பார்த்தார். வண்டியின் விளிம்பில் உரசிய, எண்ணெய் போகும் ஹோஸ் பக்கத்தில் மெல்லிய புகை மாதிரி ஏதோ. புகையல்ல, எண்ணெய். மோட்டாரை நிறுத்தினால் கால் இறங்கி மாப்பிள்ளையின் தலைமேல் விழும். நிறுத்தாவிட்டால் ஹோஸ் வெடிக்கலாம், அப்போதும் விழும்.  தங்கையின் முகம் கண்முன் வந்து போனது. அந்த நொடியில் அவருடைய வலது கை தானாகப் போய், எங்கே கசிகிறது என்று கட்டைவிரலால் ஹோஸைத் துடைத்தது.

சுருக்கென்றது.

"மாப்பிள்ளை, வெளிய வாங்க. உடனே வாங்க" என்றார். குரல் அமைதியாக இருந்தது. அவர் வந்ததும் பாத்து கால்களை மெதுவாக இறக்கினார். கால்கள் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்கும் எரிந்தன. மோட்டாரை நிறுத்தினார்.

"என்ன ஆச்சு?" என்று பரிசோதகர் கேட்டார்.

"ஹோஸ்ல ஒரு ஊசி ஓட்டை. மாத்திருவோம்."

விரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் அட்டை அட்டை என்று உபதேசம் செய்துவிட்டு நானே கையை வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?  மாப்பிள்ளை புது ஹோஸை மாட்டினார். பாத்து கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். விரல் நுனி வெளிறி, மரத்துப்போயிருந்தது. ஒரு சின்னப் புள்ளி, கொசு கடித்த அளவு கூட இல்லை. ஒன்றும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சாப்பிடப் போனவனும் அப்படித்தான் சொன்னான் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மறு சோதனை நடந்த நாற்பது நிமிடமும் அவருக்குக் கேட்டது அந்தப் பதில் மட்டும்தான்.

சோதனை முடிந்து பரிசோதகர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவியின் போன் வந்தது.

"எப்படி போச்சு?"

"நல்லா போச்சு."

"உடம்பு எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

 தலைவலி வந்தாலே உயில் எழுதக் கிளம்புகிற மனுஷன். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னதே இல்ல. அண்ணன்கிட்ட போனைக் குடுங்க" என்றாள்.  மாப்பிள்ளையிடம் கொடுப்பதற்காக வலது கையை வெளியே எடுத்தார். கட்டைவிரல் உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. மாப்பிள்ளை போனைக்கூட வாங்கவில்லை. எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு, பாத்துவையும் இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினார்.

அவசரப் பிரிவு மருத்துவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊசி குத்துன மாதிரி இருக்கு. ஒரு டிடி ஊசி போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. மாத்திரை எழுதித் தரேன்."

வீட்டுக்குப் போகலாம். எவ்வளவு இனிப்பான வார்த்தை! கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. எழுந்து போய்விட அவருடைய கால்கள் துடித்தன. பாத்து எழுந்தார். வாசல் வரை போனார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர், குத்துனது ஊசி இல்ல, எண்ணெய். உள்ள ஓடிக்கிட்டிருக்கு. ஒருத்தனுக்குக் கை போனதை நான் பார்த்திருக்கேன். பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க. கிழிச்சுப் பார்க்காம நான் நகர மாட்டேன்."

"மாமா, எழுந்திருங்க, வழியில உக்காராதீங்க" என்று நர்ஸ் தோளைத் தொட்டாள். அவர் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார், ஆனால் அசையவில்லை. மாப்பிள்ளை எண்ணெய் டின்னை மருத்துவரின் மேசைமேல் வைத்து, அதில் எழுதியிருந்த எச்சரிக்கையைப் படிக்கச் சொன்னார். மருத்துவர் படித்தார். முகம் மாறியது. போனை எடுத்தார்.

அறுவை மேசையில் படுத்தபோது பாத்துவின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. பெரிய டாக்டர் குனிந்தார். வழக்கமாகப் பாத்து என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். அன்று சொன்னது வேறு: "தாராளமா கிழிங்க டாக்டர். பாவம் பார்க்காதீங்க."

மணிக்கட்டு வரை கிழித்தார்கள். அதுவரைக்கும் சிவப்பு எண்ணெய் போயிருந்தது. கழுவிக் கழுவி எடுத்தார்கள். கட்டைவிரலின் முதல் கணு போனது, கை தப்பியது. மனைவி கட்டுப் போட்ட அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே ஒண்ணுமில்லன்னு சொல்லிப் பாருங்க, நானே கடிச்சு வச்சிடுவேன்" என்றாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் கொட்டகைக்குப் போனார். எந்திரத்தின் ஹோஸ்களுக்கு இப்போது தடித்த உறை போட்டிருந்தார்கள். கைப்பிடியில் மூன்று அட்டைகள் தொங்கின. மோட்டார் ஓடியது, முள் ஏறியது. இணைப்பு ஒன்றில் ஒரு துளி மினுங்கியது. பாத்து அதைப் பார்த்தார். அவருடைய வலது கை நீண்டது. குட்டையான அந்தக் கட்டைவிரல் ஹோஸுக்கு ஓர் அங்குலம் வரை போனபோது மாப்பிள்ளை பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"மச்சான்! பாத்து!"

பாத்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "நான் போகச் சொல்லல மாப்பிள்ளை. அதுவா போகுது" என்றார்.

அதற்குப் பிறகு சுவிட்சைப் போடுவதும் லீவரைத் தள்ளுவதும் மாப்பிள்ளைதான். பாத்து நாலடி தள்ளி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டு நிற்பார். புதிதாக வருகிறவர்கள் யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து அவருக்கு வணக்கம் வைக்கிறார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். மோட்டார் நிற்கும்வரை கையை எடுப்பதில்லை.