முந்தானையில் முடிந்த மாத்திரை

இஞ்ஞாசியம்மாள் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் காயப்போடும் வேலை. மேஸ்திரி சிரித்துக்கொண்டு வந்தாலே, இன்றைக்குக் கூலியில் கை வைக்கப்போகிறான் என்று இடுப்பில் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்வாள்.

எண்பத்தாறாம் வருஷம், ஆடி மாசம். அதே ஷாப்பில் உழைத்த புருஷன் கஸ்பார் டி.பி. வந்து படுத்துவிட்டான். முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். போட்டால் குமட்டல், சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கச்சி சகாயசெல்வி, தீர்க்கதரிசனம் சொல்லும் பிரதர் ரொனால்டைக் கூட்டிவந்தாள். வெள்ளை ஜிப்பா. கஸ்பார் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார்.

“கிறிஸ்மஸுக்குள்ள எந்திரிச்சு நடப்ப மகனே. ஆண்டவர் சொல்றார். மாத்திரை அவிசுவாசம். நாளைக்கு வாரேன், உன் கையாலயே கிணத்துல போட்ரு.”

கஸ்பார் தேம்பி அழுதான். இஞ்ஞாசிக்கும் நம்ப ஆசைதான். ஆனால் இவ்வளவு இனிப்பாக யார் எதைச் சொன்னாலும் அவள் கை முந்தானையை இறுக்கப் போய்விடும்.

மறுநாள் காலைப் பூசை. அன்றைய பைபிள் வாசகம் அனனியா என்ற தீர்க்கதரிசியின் கதை. சனத்தைச் சிறைபிடித்துப்போன பாபிலோன்காரனின் நுகம் இரண்டே வருஷத்தில் முறியும் என்று அவன் கோயிலில் நின்று சொன்னான். சனம் குளிர்ந்துபோனது. இன்னொரு தீர்க்கதரிசி எரேமியா மட்டும், “ஆமென், அப்படியே ஆகட்டும். ஆனால் நடந்தால்தான் நீ கடவுள் அனுப்பிய ஆள்” என்றார்.

பூசை முடிந்ததும் சாமியாரை மறித்தாள். “நடந்துச்சா சாமி?”

“இல்லம்மா. எழுபது வருஷம்னு எரேமியா சொன்னாரே, அதுதான் நடந்தது. அப்புறம் ஊர் திரும்பினாங்க. அதைப் பார்க்க எரேமியா இல்ல.”

“அம்புட்டு வருசமும் கடவுள் எங்க இருந்தாரு?”

“அவங்களோடதான். பாபிலோன்லயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்கன்னு சொல்லி அனுப்புனாரு.”

சாயங்காலம் ரொனால்டு வந்தார். கஸ்பார் மாத்திரைக்குக் கை நீட்டினான். அது அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

“ஆமென் பிரதர். நீங்க சொன்னபடியே ஆகட்டும்” என்றாள். “கிறிஸ்மஸ் வரைக்கும் இங்கயே இருங்க. இவரு ரத்தமா இருமயில சட்டியப் புடிங்க. நடந்துச்சுன்னா நானே கிணத்துல போடுறேன்.”

“மதினி! தீர்க்கதரிசிகிட்டயா இப்புடிப் பேசுற?”

“அனனியாவும் தீர்க்கதரிசிதாம்டி செல்வி.”

சித்தையன்கோட்டையில் கூட்டம் இருக்கிறது என்று ரொனால்டு கிளம்பினார். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கஸ்பார் சுவரைப் பார்த்துப் படுத்தான். “எனக்குன்னு ஒரு நல்ல வாக்கும் இல்லயா இஞ்ஞாசி?”

“பொழைப்பீங்கன்னு சொல்ல நான் யாரு? கூட இருப்பேன்னு ஆண்டவர் சொல்லிருக்காரு. பாபிலோன்லயே இருந்தவரு, இந்தக் குடிசைக்கு வர மாட்டாரா?”

வெளியே போய்ச் சுவரோரம் அவரை விதை ஊன்றித் தண்ணீர் விட்டாள். உள்ளே வந்து முடிச்சை அவிழ்த்தாள். கஸ்பார் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

கடவுளை அவள் நம்பிவிட்டாள். கஸ்பாரை இன்னும் நம்பவில்லை.

“வாயத் தொறங்க” என்றாள். “நாக்கத் தூக்குங்க.”