அத்தான் என்று அழைக்காதவர்களுக்கு

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. "அமெரிக்காவில் சீரும் சிறப்புமாக வாழ்ந்தார்" என்று ஒரு வரி போட்டு இந்த நினைவு மலரை முடித்துக்கொள்ளும்படி பெரியப்பா வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா சிறப்பாகத்தான் வாழ்ந்தார். ஆனால் அந்தச் சிறப்பை யாரும் அவருக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துவிடவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். படிக்கப் பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அடுத்த பக்கத்தில் புகைப்படங்கள் இருக்கின்றன.

அக்கா பிறந்தது சீவலப்பேரியில். அப்பா குத்தகைக்கு வயல் பார்த்தார். அம்மா ஊரார் வயலில் நடவுக்குப் போனார். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அக்கா டவுன் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போய் நர்ஸ் படிப்புப் படித்தார். "பொட்டப்பிள்ள கண்டவன் உடம்பத் தொட்டு வேல பாக்கப் போகுதாக்கும்" என்றார் பெரியப்பா. அக்கா அமெரிக்கா போனதும் "எங்க வீட்டுப் பிள்ள" என்று வண்ணார்பேட்டைக் கடை கடையாகச் சொல்லித் திரிந்தவரும் அவரேதான்.

அமெரிக்கா அக்காவை ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. "இந்த நிறத்துக் கை என் மேல் படக்கூடாது, வேறு நர்ஸை அனுப்பு" என்ற நோயாளிகள் இருந்தார்கள். உடனே மேலதிகாரி அம்மாள், அவர் வெள்ளைக்காரர், சிரித்த முகத்தோடு அக்காவை வேறு அறைக்கு மாற்றிவிடுவார். அக்கா வேலை பழக்கிய பெண்களெல்லாம் அக்காவுக்கு மேலே போனார்கள். கேட்டால், "உன் உச்சரிப்பு புரியவில்லை" என்பார்கள். அவசரத்துக்கு எல்லோருக்கும் புரிந்த உச்சரிப்பு, பதவி கொடுக்கும்போது மட்டும் புரியாமல் போயிற்று. இன்று எழுதும்போதும் எனக்குக் கொதிக்கிறது.

ஒருநாள் போனில் அக்காவின் குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஏட்டி, இன்னைக்கு நான் நகரல. நான்தான் இங்கன நர்ஸு, மருந்து வேணும்னா என் கையாலதான்னு சொல்லிட்டு நின்னுட்டேன்."

"வேல போயிட்டா என்னக்கா செய்வ?"

"போனாப் போகுது. களை பறிக்கத் தெரியாதவளா நான்?"

அன்று அந்த அறை வாசலில் அக்காவுக்குத் துணையாக வந்து நின்றவர்தான் அத்தான். நோயாளிகளுக்கு மூச்சுக்கருவி பொருத்தும் வேலை அவருக்கு. அந்த நாட்டிலேயே பிறந்த கறுப்பினத்தவர். அவரும், ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸும், தரை துடைக்கும் மெக்சிகோ பெண்கள் சிலரும் நிர்வாகத்தின் முன்னால் போய் நடந்ததைச் சொன்னார்கள். அக்காவுக்குப் பதவி உயர்வு கடைசிவரை வரவில்லை. ஆனால் நிறம் கேட்டு நர்ஸை மாற்றும் வழக்கம் அங்கே நின்றது.

பிறகு இருவரும் மணந்துகொண்டார்கள். அத்தான் ஒரு தப்பும் செய்யாமல் கார் ஓட்டிப் போனாலும் போலீஸ் நிறுத்தும். அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்து அசையாமல் இருப்பார். பக்கத்திலிருந்து அக்கா, எதற்காக நிறுத்தினீர்கள் என்று சத்தமாகக் கேட்பார். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயந்துக்கிட்டேதான் கேக்கேன்" என்றார்.

அக்கா தன் கணவரை நம் பக்கத்து வழக்கப்படி "அத்தான்" என்றே கூப்பிடுவார். அது அவருடைய செல்லப்பெயர் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். துப்புரவுப் பெண்களிலிருந்து அந்த மேலதிகாரி அம்மாள் வரை அவரை "ஆத்தான், ஆத்தான்" என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா திருத்தவே இல்லை. "ஏட்டி, ஒரு ஆஸ்பத்திரியே எனக்குத் தங்கச்சியாயிட்டு" என்று போனில் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அர்த்தம் தெரியாதவர்கள் அவரை முறை சொல்லி அழைத்தார்கள். அர்த்தம் தெரிந்த நம் சொந்தக்காரர்களோ "அந்த ஆள்" என்றார்கள், "அந்தக் கறுப்பன்" என்றார்கள். நாமெல்லாம் எலுமிச்சை நிறமா? அக்காவை ஒதுக்கிய வெள்ளைக்காரனை வாயார வைதவர்கள், அத்தான் ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

புற்றுநோய் முற்றியதும் அக்கா ஊருக்கே வந்துவிட்டார். அத்தான் அவரைக் குளிப்பாட்டினார், தலை வாரினார், கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நான் போன பொறவு அவர அத்தான்னு கூப்பிட இங்கன ஒரு வீடாவது இருக்கணும்ட்டி."

கருமாதியன்று, காரியம் செய்த அத்தானுக்கு மச்சினன் முறைக்காரர் கோடி வேட்டி கொடுத்து, தலையில் உருமால் கட்ட வேண்டும். முறைக்காரர் பெரியப்பா மகன். அவர் ஆற்றுப் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எனக்கு அப்படி ஒரு மச்சினன் கெடையாது" என்றார். அத்தானுக்கு மொழி புரியவில்லை. முகம் புரிந்தது. ஈர வேட்டியோடு தலை குனிந்து நின்றார்.

நான் கோடி வேட்டியைக் கையில் எடுத்தேன்.

"ஏளா, பொம்பள உருமா கட்டுதது எந்த ஊர்லளா உண்டு?" என்று கத்தினார் பெரியப்பா.

"இந்த ஊர்லதான் பெரியப்பா. நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றேன். பிறகு, எல்லோர் காதிலும் விழும்படி, "அத்தான், இங்கன உக்காருங்க" என்றேன். அவர் உட்கார்ந்தார். எனக்குக் கட்டத் தெரியாமல் துணி இரண்டு தரம் அவிழ்ந்தது. சடங்கு செய்துவைத்த அண்ணாச்சி ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். மூன்றாம் தரம் நின்றது. அத்தான் அழுதார், நானும் அழுதேன்.

அந்த அண்ணாச்சிக்கு முதல் நன்றி. வீட்டுக்கே வந்து வலிக்கு ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த ஆட்டோக்காரருக்கும், கடல் தாண்டியிருந்தபடி வீடியோவில் அழுத அந்த ஆஸ்பத்திரித் தங்கைகளுக்கும் நன்றி.

அத்தான் எங்கும் போகவில்லை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். இன்று மதியப் பந்தியில் முதல் இலை அவருக்கு. பக்கத்து இலைகளில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உட்காருமுன் ஒருமுறை அவரை முறை சொல்லிக் கூப்பிடுங்கள். வாய் வராதவர்களுக்கு இந்த வீட்டில் இலை கிடையாது.

— தங்கை