வெயிலிலும் நனைந்த இலை

தேயிலை விலை அடியோடு விழுந்து, பறிக்கிற கூலிக்கே இலை கட்டுப்படியாகவில்லை என்று நீலகிரியில் எங்கள் ஊரான கட்டபெட்டில் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த காலத்தில், நான் தேயிலைச் செடியைக் கணினியில் வளர்த்துக்கொண்டிருந்தேன். கணினி உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு, உதவித்தொகையோடு ஒரே ஓர் இடம் இருப்பதாகச் சமவெளிப் பல்கலைக்கழகம் ஒன்று அறிவித்திருந்தது. எங்கள் வீட்டில் விலை போகக்கூடியதாக மிச்சமிருந்தது என் படிப்பு ஒன்றுதான்.

ஆய்வுத் திட்டத்துக்குத் தரவு வேண்டும். மற்றவர்கள் மரபணு வரிசைகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டார்கள். குன்னூர் பிரவுசிங் சென்டரில் ஒரு கோப்பு இறங்குவதற்குள் மலை ரயில் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் எனக்கு அப்பா இருந்தார். இலை வாங்கும் ஃபேக்டரியில் கிளார்க். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடையை முத்து முத்தான கையெழுத்தில் பல வருடங்களாக எழுதிவந்தவர். பழைய பதிவேடுகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை.

மழை என்று அப்பா ஓரத்தில் குறித்திருந்த நாளெல்லாம் எடை ஒரே விகிதத்தில் குறைந்திருந்தது. கடைசிச் சில வருடங்களில் மழை பெய்யாத நாளிலும் அதே விகிதம். நான் அசரவில்லை. செடி பழைய மழையை நினைவில் வைத்திருக்கிறது, அதற்கொரு மரபணு இருந்தே தீரவேண்டும் என்று பன்னிரண்டு பக்கம் எழுதினேன். தேயிலைக்கு நடுவில் வளர்ந்தவள், ஒருநாளாவது தராசுப் பக்கம் போய் நின்றதில்லை.

நேர்காணலில் பேராசிரியர்கள் மெய்மறந்து கேட்டார்கள். இடம் எனக்குத்தான் என்றார்கள். எடை போட்ட முறையை மட்டும், எழுதியவரே ஒரு பக்கம் விளக்கிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம்.

சாப்பிடும்போது அப்பாவிடம் என் மரபணுவைப் பெருமையாக விளக்கினேன். அவர் கை தட்டில் அப்படியே நின்றது.

“அது செடி பண்ணுனதில்ல கண்ணு. நாங்க பண்ணுனது. மழை நாள்ல இலை ஈரமா இருக்குமல்ல, அந்தத் தண்ணிக்குக் கழிச்சுட்டுத்தான் எடை எழுதுவோம்.”

“மழையே இல்லாத நாள்லயுமுங்களா அப்பா?”

“விலை உளுந்தப்புறம் வெயில்லயும் கழிக்கச் சொன்னாங்க. எழுதுனேன்.”

எனக்குக் கோபம் பொங்கியது. ஏமாந்த விவசாயிகளுக்காக அல்ல, என் மரபணு போயிற்றே என்று. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“மழை நாள் மட்டும்னு எழுதிக் குடுத்துடுங்கப்பா,” என்றேன்.

காலையில் ஒரு பக்கம் கொடுத்தார். ‘வெயில் நாளிலும் ஈரம் என்று எடையைக் கழித்து எழுதியவன் நான்’ என்று அதே முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. அது போனால் எனக்கு இடம் கிடைக்காது. ஃபேக்டரிக்குத் தெரிந்தால் அவருக்கு வேலை இருக்காது.

“இத்தன வருசத்துல எடை எப்படிப் போட்டீங்கன்னு கேட்டது உங்க வாத்தியாருங்கதான்,” என்றார். “கேட்டவங்களுக்காச்சும் சரியாச் சொல்லோணும்.”

அந்தப் பக்கத்தை அப்படியே தபாலில் சேர்த்தேன். தரவு நம்பத்தகுந்ததாக இல்லை என்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்கள். என் பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அப்பாவின் பக்கம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.