ஆகஸ்டுக்குள் இரண்டு கவுன்

தைக்கிறவனுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை, சுற்றளவுகள்தான் நிற்கின்றன.

ஆகஸ்டின் கடைசி சனிக்கிழமை காலை, உப்பளம் பேட்டையில் என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், கொக்கி வைப்பதும் ஓரம் தைப்பதுமாக என்னோடு வேலை செய்யும் என் மனைவி கலா, ஐம்பது வயதாகியும் இரண்டாவது மெஷினை விட்டு நகராத துரை, பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்த செசில் மதாம், இந்த ஊரிலேயே இருக்கும் அவருடைய அக்கா ரோசலின் மதாம், ஒரு போட்டோக்காரர். அன்று நடந்ததைச் சொல்லப் பத்து நாள் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் தொழிலுக்குக் கோடை ஆகஸ்டில்தான் முடிகிறது. பிரான்சில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் லீவு முடிந்து திரும்பும் மாதம். போகும்முன் எல்லாருக்கும் ஏதாவது தைத்தாக வேண்டும்: துணிப்பைகள், அடுப்பங்கரைத் துணிகள், பழைய காலத்து மாடலில் கவுன்கள். பிளேன் யாருக்காகவும் நிற்காது. உங்களில் தையல்காரர்கள் இருந்தால் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

போட்டோவில் நிறம் இல்லை

செசில் மதாம் கொண்டுவந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. அக்காவும் தங்கையும் சிறுமிகளாக ஒரே மாதிரி கவுனில் நிற்கிறார்கள். வட்டக் காலர், பஃப் கை, இடுப்பிலிருந்து குடையாக விரியும் பாவாடை, முன்னால் துணி பொதிந்த பொத்தான்கள். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன், கவுனுக்கு ஒன்பது. "இதே மாதிரி ரெண்டு பேருக்கும் வேணும் மாஸ்டர். ஞாயித்துக்கிழமை நான் பிளேன் ஏறணும். அதுக்கு முன்னாடி இதே மாதிரி நின்னு ஒரு போட்டோ எடுக்கணும்" என்றார். இப்போது தங்கைக்கு ஐம்பத்தெட்டு, அக்காவுக்கு அறுபத்திரண்டு.

துணியில் புள்ளிகள் இருப்பது தெரிந்தது, என்ன நிறம் என்று தெரியவில்லை. செசில் மதாம் நீலம் என்று அடித்துச் சொன்னார். எனக்கு நிச்சயமாகத் தெரியாமல் துணி வாங்கப் போக மனம் வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் சத்தம், பிறகு குரல் வந்தது. "சிவப்பு. நீ போட்டுக்கினு திரிஞ்சவ, நான் துவைச்சவ. யாருக்குடி தெரியும்?"

அளவு கவுன்

நான் எட்டாவது வரை படித்தவன். வேலை பார்த்த மில் மூடிய பிறகு தையலுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஒரு பெண்ணின் மேல் டேப்பு வைத்து அளந்ததில்லை. கூச்சம். நன்றாகப் பொருந்துகிற பழைய உடை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதை மேசையில் விரித்து அளந்துதான் வெட்டுவேன். கலாவை அளக்கச் சொல்லவும் எனக்கு ஒப்பாது. கால் அங்குலம் தள்ளிப் பிடிப்பாள்.

செசில் மதாம் தன் கவுன் ஒன்றையும், அக்கா மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பிய கவுன் ஒன்றையும் வைத்துவிட்டுப் போனார். அக்காவுடையதை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் மார்புச் சுற்று நாற்பது. மடிப்புகளில் பாச்சை உருண்டை வாசம் அடித்தது. சமீபத்தில் யாரும் உடுத்திய கவுன் இல்லை அது. கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நாற்பதுக்கே வெட்டினேன். கலா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவங்கள வரச்சொல்லி ஒரு தரம் அளந்தா இன்னா? கண்ண மூடிக்கினு அளங்களேன், யாரு வேணான்னா?"

பதினாறு குண்டூசி

வியாழக்கிழமை, போட்டுப் பார்ப்பதற்காகக் கலா கவுனை எடுத்துக்கொண்டு ரோசலின் மதாம் வீட்டுக்குப் போனாள். தங்கை கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து அவரே வரச்சொல்லியிருந்தார். திரும்பி வந்த கலா கவுனை மேசையில் வைத்தாள். எங்கெல்லாம் துணி அதிகமோ அங்கெல்லாம் மடித்துக் குண்டூசி குத்தியிருந்தாள். எண்ணினேன், பதினாறு. நான் கொடுத்தனுப்பியதே பதினாறுதான். "பத்தல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் ரோசலின் மதாமே போன் செய்தார். ஆறு மாதமாக ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது தங்கைக்குத் தெரியாதாம். கவுனைப் பிடித்துத் தைக்க வேண்டாம், உள்ளே ஏதாவது வைத்து ரொப்பிக் கொடுங்கள் என்றார். உடம்புக்குச் சரியாகத் தைத்துத் தருவதுதான் என் வேலை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அம்மா நோயில் படுத்திருந்தபோது செசில் லீவை நீட்டி நீட்டி இங்கேயே இருந்து, கடைசியில் வேலையே போய்விட்டதாம். அப்புறம் வேறு வேலை கிடைக்க இரண்டு வருடம். இப்போது தெரிந்தால் மறுபடி அதையேதான் செய்வாள் என்றார். "வீட்ல சால்வையைச் சுத்திக்கினு சமாளிக்கிறேன். மூஞ்சி ஏன் ஒட்டிப்போச்சுன்னு கேட்டா, பல்லு புடுங்கினேன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ பிளேன் ஏறுற வரைக்கும் நான் குண்டா இருக்கணும் மாஸ்டர்."

பாத்திரம் பிடிக்கும் துணி

அடுப்பிலிருந்து சூடாகப் பாத்திரம் இறக்கப் பிடிக்கும் துணிகள் பன்னிரண்டு வேண்டும் என்று செசில் மதாம் சொல்லியிருந்தார். அவற்றின் உள்ளே வைக்கத் தட்டையான பஞ்சு வாங்கியிருந்தேன். அதில் ஐந்து துணிக்கு உரியதை எடுத்து, கவுனின் உள்பக்கம் முதுகிலும் மார்பிலும் விலாவிலும் வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்தேன். பஃப் கைக்குள் விறைப்பான வலைத்துணி கொடுத்தேன். ஒவ்வொரு தையலும் நேராகத்தான் வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முடித்துத் தொங்கவிட்டபோது, ஆள் இல்லாமலே ஆள் மாதிரி நின்றது. கலா அதன் பக்கமே வரவில்லை. துரைக்கு விஷயம் தெரியாது. சுற்றிச் சுற்றி வந்து, ஒரு விரலால் குத்திப் பார்த்தான். "மாஸ்டர், உள்ள எல்லாத்தையும் நீங்களே ரொப்பிட்டீங்க. மதாம் எங்க நிப்பாங்க?"

ஒட்டி நிற்கச் சொன்னார்கள்

ஏதாவது நழுவினால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று, போட்டோவை என் வீட்டிலேயே எடுக்கலாம் என்றார் ரோசலின் மதாம். போட்டோக்காரர் சுவரில் கறுப்புத் துணி மாட்டினார். சகோதரிகள் இருவரும் உள்ளறையில் தனித்தனியாக உடுத்திக்கொண்டு வந்தார்கள். வெள்ளையில் சிவப்புப் புள்ளி. ரோசலின் மதாமின் கழுத்தில் வியர்வை ஓடியது, அவ்வளவு பஞ்சு. "உனக்கு வயசே ஆகலக்கா" என்று தங்கை சிரித்தார். "உனக்கு ஆயிடுச்சு, மூடு" என்றார் அக்கா.

போட்டோக்காரர் பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒட்டி நில்லுங்கள், சின்னவர் கை பெரியவர் இடுப்பில் இருக்கிறது பாருங்கள் என்றார். செசில் மதாம் கையைச் சுற்றிப் போட்டு அணைத்தார். கை அமுங்கியது. இன்னும் அமுங்கியது. உதட்டில் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். ஃபிளாஷ் மூன்று முறை அடித்தது.

பிறகு செசில் மதாம் என் கழுத்தில் கிடந்த டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அக்காவை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "வேணாண்டி, விடுடி" என்று கேட்டது. துரை மெஷினை நிறுத்தினான். வெகு நேரம் கழித்து தங்கையின் குரலில் ஒரு எண் மட்டும் வெளியே வந்தது: முப்பத்தொன்று. பழக்கம், கை தானாகக் குறித்துக்கொண்டது. செசில் மதாம் பஞ்சு வைத்த கவுனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார். "நாளைக்கு நான் போவல மாஸ்டர். உள்ள வச்சதெல்லாம் எடுத்துட்டு, எங்க அக்கா அளவுக்குத் தைங்க. போட்டோவ மறுபடியும் எடுக்கணும்."

முப்பத்தொன்றுக்குத் தளர்வு இரண்டு சேர்த்து முப்பத்துமூன்றாகப் பிடித்துக் கொடுத்தேன் என்றாலும், இவ்வளவு துணியை உள்ளே விட்டுத் தைக்கிறவன் மாஸ்டரே இல்லை என்று துரை முகத்துக்கு நேரே சிரிக்க, ரோசலின் மதாமுக்கு மறுபடி சதை பிடித்தால் பிரித்துவிடலாம் என்று நான் கத்திரி வைக்காமல் மடித்து விட்ட மிச்சம் சரியாக ஏழு அங்குலம்.